கிள்ளானில் வெட்டிய வாய்க்கால்

அன்று கரைமேல் நின்றவர்கள்: குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் ரோசலின் ஆன்டி, லோரி ஓட்டும் சின்னையா அண்ணன், கடைசி வரிசை வீடுகளிலிருந்து மண்வெட்டியோடு வந்த ஆறு ஆண்கள், அவர்களைவிட வேகமாக மண் சுமந்த நான்கு பெண்கள், ஓடையில் நண்டு பிடிக்கும் பாக் ஹசான் என்ற மலாய்ப் பெரியவர், சின்னையாவின் லோரி போகுமிடமெல்லாம் போகும் ஒரு செவலை நாய், பிறகு, வேலையை நடத்திவைக்க இந்தியாவிலிருந்து வந்த நிபுணர். அந்த நிபுணர் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாஸ்போர்ட்டை ஒரு துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு கூடை மண் விழுவதற்குள் இரண்டு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ஊர் பிச்சாவரம் காட்டுக்குப் பக்கம். தொண்ணூறுகளில் அங்கே பட்டுப்போன அலையாத்திக் காட்டை மறுபடி வளர்க்கும் வேலை நடந்தது. தண்ணீர் தேங்கி உப்பேறிப்போன இடத்தில் பெரிய வாய்க்கால் ஒன்றும், அதிலிருந்து மீன்முள் போலப் பக்க வாய்க்கால்களும் வெட்டிவிட்டால், கடல் தண்ணீர் ஏறி இறங்கி மண்ணைக் கழுவிவிடும். கன்று பிழைத்துக்கொள்ளும். அப்படி வெட்டுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி. கிள்ளானிலிருந்து ஒரு குடியிருப்புக்காரர்கள் ஆள் கேட்டபோது போக வேண்டியவர் எங்கள் பொறியாளர். அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. எப்போதோ சிங்கப்பூர் போக ஆசைப்பட்டு எடுத்துப் பெட்டியில் வைத்திருந்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வந்து இறங்கினேன். முதல் இரவு மலாய் நாட்டுத் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ரோசலின் ஆன்டியின் அண்ணன் அந்தோணி அங்கிள் வீட்டில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய மரக்கட்டைகள் இரண்டை வாசலில் போட்டுப் பெஞ்சாக வைத்திருந்தார். அதில் உட்கார்ந்தால் ரயில் சத்தம் கட்டை வழியாக முதுகில் ஏறும்.

காலையில் எழுந்ததும் அவர் கேட்டது, "பசியாறிட்டீங்களா?" எனக்குப் பகீரென்றது. இரவு நான் அதிகமாகச் சாப்பிட்டதைக் கவனித்துவிட்டாரோ என்று. அங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறல் என்றுதான் பெயராம். நம் ஊரில் டிபன் என்கிறோம். இது எவ்வளவோ அழகு. பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். ஒருவர் தேநீரை ஆளுயரத்துக்குத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். சிந்திவிடுவாரோ என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, நெத்திலிச் சம்பல், பாதி முட்டை, எல்லாம் வாழையிலைப் பொட்டலத்தில். காலையிலேயே நெத்திலியா என்று யோசித்துக்கொண்டே இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

கிள்ளானுக்கு மின்சார ரயில். பெட்டிக்குள் ஏசி குளிர் தாங்காமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். எதிரே இருந்த சீனப் பாட்டி என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். இருவரும் சிரித்தோம். பேச மொழி இல்லை.

ரோசலின் ஆன்டி நிலையத்தில் நின்றிருந்தார். அறுபதை நெருங்குபவர், கையில் குடை, பேச்சில் அவசரம். "வாங்க தம்பி. எடத்தப் பாத்துடலாம், அப்புறந்தான் சாப்பாடு. சாப்பிட்டா உங்களுக்குத் தூக்கம் வந்துடும்" என்றார்.

இடம் இப்படி: தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் மாடியில்லா வரிசை வீடுகள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அவர்கள் அதை லொங்கான் என்கிறார்கள். அதற்கப்பால் சதுப்பு, நீளமாக, ஒரு தெரு அகலத்துக்கு. பிறகு மண் கரை. கரைக்கு வெளியே கடலோடு கலக்கும் ஓடை. அந்தச் சதுப்பு முழுக்க ஒரு காலத்தில் அலையாத்தியாக இருந்ததாம். யாரோ கரை போட்டார்கள், தண்ணீர் நின்றுவிட்டது, மரங்கள் பட்டன, ஊர்க் குப்பை வந்து விழுந்தது. ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் சேர்ந்து டயர், பெயிண்டு டப்பா, ஒரு முழு ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறார்கள். அந்தக் கூட்டு வேலைக்கு அங்கே கோத்தோங் ரோயோங் என்று பெயர். சம்பளம் கிடையாது. வராத வீட்டுக்குப் பேச்சு கிடைக்கும்.

குப்பை போனது. கன்று மட்டும் பிழைக்கவில்லை. மூன்று தடவை நட்டும் மூன்று தடவையும் செத்தது. கறுத்த தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது.

"நகராண்மைக் கழகத்துலேர்ந்து அடுத்த சனிக்கிழமை ஒரு ஆபீசர் பாக்க வருது" என்றார் ரோசலின் ஆன்டி. "தண்ணி ஓடலன்னா, கொசு போகலன்னா, இத ரொப்பி லோரி நிறுத்துற எடமா ஆக்கிடுவாங்க. ஒரு கம்பெனி கேட்டுக்கிட்டு நிக்குது. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டோம்."

ஒரு வாரம்தான் இருந்தது.

கரைமேல் ஏறி ஓடையைப் பார்த்தேன். அன்றைய கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரம் என்றார்கள். கரையின் பாதி உயரத்துக்கும் கீழேதான் நின்றது. எங்கள் ஊரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் முழங்கால் அளவு வித்தியாசம் வந்தாலே பெரிய விஷயம். ஓடைப்பக்க மரங்களில் என் தலைக்கு மேல் சேற்றுக் கறை இருந்ததையும் பார்த்தேன். ஏதோ மழை வெள்ளத்தில் வந்ததென்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குக் கரையை வெட்டி, நடுவில் வாய்க்கால் எடுத்தால் தண்ணீர் தானாகப் போய்வரும் என்றேன். சொன்ன பிறகு பயந்து, "அப்படித்தான் நினைக்கிறேன்" என்று சேர்த்தேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"மாணிக்கம் சார் சொல்லிட்டாரு" என்றார் சின்னையா அண்ணன். என்னைச் சார் என்று கூப்பிட்ட முதல் மனிதர். கட்டை குட்டையான ஆள், வாயில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட். ரோசலின் ஆன்டி என் காதருகே, "இவருக்கு லோரி ஸ்டேஷன் வந்தா நல்லது. வீட்டு வாசல்லயே லோரி நிறுத்தலாம். ஆனா ஒரு ஞாயிறுகூடத் தப்பாம வருவாரு, வந்து முணுமுணுப்பாரு" என்றார்.

"முணுமுணுக்கல ஆன்டி, சத்தமாத்தான் சொல்றேன். இந்தக் கொசுவுக்கு லோரி தேவலாம்லா."

ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். முதலில் சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள். பாக் ஹசான் வேலை செய்யவில்லை. கரையில் குந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து வந்து, மலாயில் ஏதோ சொல்லி, ஓடையைக் காட்டி, கையைத் தன் தலைக்கு மேல் உயர்த்தினார். கன்றுகள் அந்த உயரம் வளரும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நானும் கட்டைவிரலைக் காட்டி, "குட், குட்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி மண்ணை எடுத்ததும் ஓடைத் தண்ணீர் ஒரு பூனை மாதிரி மெல்ல உள்ளே வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஒருவர் குலவை போட்டார். பிறகு கோழிக் குழம்பு, சோறு, பச்சைச் சிரப்புத் தண்ணீர். நான் பிச்சாவரத்தில் எத்தனையோ வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். ஒருவர்கூட எனக்குக் கோழிக்கால் எடுத்து வைத்ததில்லை.

அடுத்த மூன்று நாளும் மாலையில் வேலை விட்டு வந்தவர்களோடு பக்க வாய்க்கால்கள் எடுத்தோம். தண்ணீர் தினமும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்தது. வாய்க்கால் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை. கறுப்பு நிறம் குறைந்தது. சேற்றில் தாவும் மீன்கள் வந்தன. கன்றுக்காக நட்ட நீளக் காய்கள், முருங்கைக்காயைச் சொருகிவைத்த மாதிரி, வரிசையாக நின்றன. வீட்டு ஞாபகம்கூடக் கொஞ்சம் மறந்துபோனது.

வியாழக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். மனைவிக்குப் புடவை கிள்ளானிலேயே கிடைக்கும், கடைத்தெரு முழுக்கப் புடவைதான்; ஆனால் அந்தோணி அங்கிள் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வாழையிலையில் மீன் தலைக் கறி. ரசத்தைத் தம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தேன். சாப்பிட்டதும் அங்கிள் இலையைத் தன் பக்கம் மடித்தார். நான் எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் மடிக்காமலே எழுந்துவிட்டேன். கடைக்காரர் ஏதாவது தப்பாக நினைத்திருப்பாரா என்று ரயிலில் ஏறும்வரை யோசனை.

திரும்பும் ரயில் படாங் ஜாவா நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. விளக்கும் ஏசியும் போயின. பக்கத்தில் இருந்தவர் போர்ட் கிள்ளானில் கப்பலில் சாமான் இறக்குகிறவர். மடியில் சாப்பாட்டுக் கேரியர்.

"இந்தியாவாண்ணே? என்ன வேலையா வந்தீங்க?"

சொன்னேன். கரை வெட்டியதைச் சொன்னேன், கோழிக்காலையும் சொன்னேன்.

"நல்லது. நமக்குத்தான் இந்த வாரம் கஷ்டம். சனி, ஞாயிறு பெரிய பாசாங். கப்பல் அப்பிடியே மேல ஏறி நிக்கும்லா. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தா ஆயிடும்."

பாசாங் என்றால் ஏற்றம். அது எனக்குத் தெரிந்திருந்தது. "எவ்வளவு ஏறும்?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். போதவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று, சாமான் வைக்கும் மேல்தட்டைத் தொட்டுக் காட்டினார். "போன வாரம் சின்னத் தண்ணி. அதப் பாத்து ஏமாந்துடக் கூடாது."

பாக் ஹசானின் கை என் கண்முன் வந்து நின்றது. மரத்திலிருந்த சேற்றுக் கறையும் வந்தது. நின்றுபோன ரயிலில், எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் குளிர்ந்தது. அந்தத் தண்ணீர் நான் வெட்டிய வழியில் புகுந்தால் வெட்டை அரித்து அகலமாக்கும். சதுப்பை நிறைத்து, லொங்கானைத் தாண்டி, கடைசி வரிசைக் குசினிகளுக்குள், சமையல் அடுப்புவரை போகும். அதே நேரத்தில் ஆபீசர் வந்து நிற்பார். பிறகு இந்தச் சதுப்பை ரொப்பச் சொல்லி இவர்களே கையெழுத்துப் போடுவார்கள்.

கிள்ளானில் இறங்கி, பதற்றத்தில் வேறு பஸ்ஸில் ஏறி, மேரு பக்கம் போய், அழாத குறையாக ஒரு டாக்சி பிடித்துத் திரும்பினேன். ரோசலின் ஆன்டி வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சின்னையா அண்ணன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமா, பெரிய பாசாங் வரும்" என்றார் ரோசலின் ஆன்டி.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க எல்லாருக்கும் தெரியும்லா. வருசா வருசம் பாக்குறதுதானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல ஆன்டி?"

அவர் குழாயை மூடினார். "நீங்க எக்ஸ்பர்ட். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்களுக்குப் போயி நாங்க தண்ணி ஏறும் எறங்கும்னு பாடம் எடுக்கறதா? மரியாதையா இருக்குமா?"

"பாக் ஹசான் சொன்னாரே" என்றார் சின்னையா. "தலைக்கு மேல வரும்னு. நீங்கதான் குட் குட்டுன்னீங்க. நான் என்ன நெனச்சேன், இந்தியா டெக்னிக் ஏதோ இருக்கு போலன்னு."

ஒரு டெக்னிக்கும் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். மேஸ்திரிதான் என்பதையும் சொன்னேன். பொறியாளரின் காமாலையையும் சொன்னேன். ரோசலின் ஆன்டி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். "காமாலைக்குக் கீழாநெல்லி குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"மூடிடலாம் ஆன்டி. நாளைக்கே மண்ணைப் போட்டு மூடிடலாம்."

"மூடினா அந்த ஆபீசர் வந்து என்னத்தப் பாக்கும்? பழைய கொசுத் தண்ணியையா? மூடக் கூடாது தம்பி. வேற சொல்லுங்க."

வேறு ஒன்றுதான் இருந்தது. மதகு. வெட்டின் இரண்டு பக்கமும் தூண் நட்டு, நடுவில் பலமான பலகையை இறக்கி, அடியில் ஒரு முழம் மட்டும் இடைவெளி விட வேண்டும். தண்ணீர் அடியில் அளவாகப் போய்வரும். மேலே எவ்வளவு ஏறினாலும் பலகை தடுக்கும். தூணுக்கு அந்தோணி அங்கிளின் வாசல் கட்டைகள் நினைவுக்கு வந்தன. ரோசலின் ஆன்டி உடனே போன் போட்டார். மறுமுனையில் அங்கிள் கத்துவது எனக்கே கேட்டது. "நான் எதுல உக்காருவேன்?" "நாற்காலியில உக்காருங்க, எல்லாரும் அப்பிடித்தானே உக்கார்றாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னையாவின் லோரி பிரிக்ஃபீல்ட்ஸ் போய்க் கட்டைகளோடு திரும்பியது. பாக் ஹசான் இந்த முறை உட்காரவில்லை. சேற்றில் இறங்கி, கட்டை எங்கே நிற்கும், எங்கே சாயும் என்று காலால் மிதித்துக் காட்டினார். மணல் மூட்டைகளை அடுக்கி வெட்டைக் குறுக்கினோம். தரையிலும் மூட்டை பரப்பினோம். பலகைதான் கிடைக்கவில்லை. கதவு ஒன்று கொண்டுவந்தார்கள், ஒட்டுப்பலகை. ஒரு நாளில் ஊறிவிடும். கட்டில் அடி வந்தது, நீளம் போதவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. தண்ணீரும்.

சின்னையா அண்ணன் சிகரெட்டை வாயில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றினார். கரையிலிருந்து இறங்கிப் போனார். லோரி பக்கம் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது இன்னொருவரோடு சேர்ந்து லோரியின் பின்பலகையைச் சுமந்து வந்தார். கெட்டி மரம், சுற்றி இரும்புச் சட்டம், நடுவில் மஞ்சள் எழுத்தில் அவர் பெயர்.

"அண்ணே, இது இல்லாம லோரி எப்படி ஓட்டுவீங்க?"

"ஓட்ட மாட்டேன். மணல் எல்லாம் ரோட்டுல கொட்டும்."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "இத ரொப்பிட்டா உங்களுக்கு நல்லதுதானே?"

"லோரி நிறுத்த எடம் வேணும்தான், இல்லங்கல" என்றார். "ஆனா என் வீட்டு குசினி சன்னல் இந்தப் பக்கந்தான் தொறக்குது. நாள் பூரா லோரியப் பாக்குறேன் பாஸ். பசியாறும்போதும் அதையே பாக்கச் சொல்றீங்களா? புடிங்க அந்தப் பக்கம்."

பலகை கட்டைகளுக்கு நடுவே சரியாக இறங்கியது. மஞ்சள் எழுத்து ஓடைப் பக்கம் பார்த்து நின்றது.

சனிக்கிழமை மாலை. ஆபீசர் அரைநாள் அலுவலகம் முடிந்து வந்தார். இளம் பெண், மலாய்க்காரர், தலையில் துணி, கையில் தன் காலணி. கரைமேல் எல்லோரும் நின்றோம். ஓடை வீங்கிக்கொண்டே வந்தது. என் ஆயுளில் அப்படித் தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், ஒரு வீடு எழும்புகிற மாதிரி. மஞ்சள் எழுத்துகளின் அடி முதலில் நனைந்தது, பிறகு முழுப் பெயரும் மூழ்கியது. பலகை முனகியது. நான் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். உள்பக்கம், பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் சுருண்டு சுருண்டு வந்து, வாய்க்கால் நிரம்பி, பக்க வாய்க்கால்களில் பிரிந்து, கன்றுகளின் இடுப்புவரை ஏறி, லொங்கானுக்கு இப்பால் நின்றது. ஓடையில் பலகையின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் யோசித்தது. பாக் ஹசான் ஒரு குச்சியைச் சேற்றில் குத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, கையை உயர்த்தி, மெல்லக் கீழே இறக்கினார். வற்றம் தொடங்கிவிட்டது.

"யார் இஞ்சினியர்?" என்று ஆபீசர் மலாயில் கேட்டதாக ரோசலின் ஆன்டி சொன்னார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் சின்னையாவைக் காட்டினேன். சின்னையா நாயைக் காட்டினார். அந்தப் பெண் சிரித்து, சேற்றில் இறங்கி, ஒரு கன்றை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போவதைக் கடைசிவரை நின்று பார்த்தார். "ரொப்புவதை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து வருவேன். அப்போதும் தண்ணீர் ஓட வேண்டும்" என்றார். ரோசலின் ஆன்டி அழவில்லை. குடையை விரித்துக்கொண்டார், மழையே இல்லாமல்.

திங்கட்கிழமை சங்கம் கூடியது. சின்னையாவின் லோரி இரண்டு நாளாக நின்றிருந்தது. புதுப் பின்பலகைக்கு இருநூற்று நாற்பது வெள்ளி ஆகும் என்றார்கள்; அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வசூலித்து, உறையில் வைத்து ரோசலின் ஆன்டி நீட்டினார். சின்னையா வாங்கவில்லை. பழைய லோரி ஒன்றிலிருந்து கழற்றிய பலகையைக் கடனில் வாங்கி மாட்டிக்கொண்டார்.

சுபாங் விமான நிலையத்துக்கு அந்த லோரியில்தான் போனேன். பலகை சட்டத்தில் சரியாக உட்காராமல் வழியெல்லாம் தடதடத்தது. விமானத்தைத் தவறவிடுவேனோ என்ற பயத்தை மறைக்க அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏண்ணே பணத்தை வாங்கல? கடன் வேற பட்டிருக்கீங்க."

"வாங்கிட்டா அது சங்கத்துப் பலகை பாஸ். இன்னிக்கு ரோசலின் ஆன்டி இருக்காங்க. நாளைக்கு வேற ஆள் வரும். கம்பெனிக்காரன் வந்து பேசுவான், கூட்டத்துல கைய தூக்குவாங்க, பலகைய உருவிடுவாங்க." சாலையைப் பார்த்துக்கொண்டே சிகரெட்டை முதல் தடவையாகப் பற்றவைத்தார். "காசு வரலன்னா அது என் சாமான். பேரும் போட்டிருக்கு. என் சாமான தொடணும்னா என்னக் கேக்கணும்லா."

அந்தோணி அங்கிள் பின்னர் ஒரு தடவை சிதம்பரம் கோயில் பார்க்க வந்தபோது என் வீட்டில் பசியாறினார். கன்றுகள் என்னைவிட உயரமாகிவிட்டன என்றார். தனக்கு இன்னும் உட்காரப் பெஞ்சு இல்லை என்றார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ரோசலின் ஆன்டி கணக்கு வாசிப்பாராம். முடிவில் ஒவ்வொரு வருடமும் அதே வரி வருமாம். அதைக் கேட்டதும் எல்லோரும் சின்னையாவைத் திரும்பிப் பார்ப்பார்களாம், அவர் கூரையைப் பார்ப்பாராம். சின்னையாவுக்குத் தர வேண்டியது, இருநூற்று நாற்பது வெள்ளி.